காணாமல் போன புள்ளி: திறமூல மென்பொருளுக்கு முதல் பங்களிப்பு, இஷ்யூ முதல் மெர்ஜ் வரை

ஓப்பன் சோர்ஸில், அதாவது நிரலை யாரும் படித்து, திருத்தி, பகிர அனுமதிக்கும் திறமூல மென்பொருளில், நானும் ஏதாவது செய்ய வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களிடம், புதியவர்களுக்கு ஏற்றது என்று லேபிள் ஒட்டிய இஷ்யூவாக (திட்டத்தின் பக்கத்தில் பதிவான குறையாக) பார்த்து எடுக்கச் சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்வதில்லை. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மென்பொருளில், நமக்கு உறுத்தாத ஒரு குறையை எடுத்தால் பாதி வழியில் ஆர்வம் வடிந்துவிடும். தினமும் கையில் புழங்கும் மென்பொருளில் எது உறுத்துகிறதோ அங்கே ஆரம்பியுங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு அப்படி ஒன்று கிடைக்க ரொம்ப நாள் ஆகாது.

எனக்குக் கிடைத்ததை வைத்தே முழு வழியையும் சொல்கிறேன்.

உறுத்துவதைப் பிடியுங்கள்

குறிப்பு எழுத நான் ஒரு செயலி வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியது, நான்கைந்து பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள். இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பும் சுருக்கமாக வரும். ஒருநாள் "திங்கட்கிழமை மாலை பல் மருத்துவர்" என்று ஒரு குறிப்பு போட்டேன். பட்டியலில் வந்தது இது:

திங்கட்கிழமை மாலை பல…

பல், பல ஆகிவிட்டது. புள்ளியைக் காணோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இதே குறை இன்னும் எத்தனையோ மென்பொருள்களில் இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்தச் சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகள் 5 என்கின்றன. கோ மொழியும் ரஸ்ட்டும் 15 என்கின்றன, அவை பைட்டை எண்ணுகின்றன. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப் போலவே 3 என்று சொல்லும்.

என் செயலி தலைப்பை 20இல் வெட்டுகிறது. அந்தத் தலைப்பில் மாலைக்கு அடுத்த ப 19ஆவது குறியீடு, ல 20ஆவது, புள்ளி 21ஆவது. கத்தி சரியாக லகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே விழுந்துவிட்டது. அப்புறம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இடைவெளியையும் சேர்த்து அந்தத் தலைப்பு முழுவதும் நம் கணக்கில் சரியாக 20 எழுத்து. வெட்டவே தேவையில்லை! ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 20 எழுத்து கிடைக்கிற இடத்தில் எனக்குப் பன்னிரண்டரைதான் கிடைத்திருக்கிறது.

கடையைத் திறந்து பாருங்கள்

எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தத் திட்டத்தின் நிரல் இருக்கும் இடமான ரெப்போவில் கால் மணி நேரம் சுற்றி வாருங்கள். முதலில் லைசென்ஸ் கோப்பு. நிரல் இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிறது என்பதாலேயே அது திறமூலம் ஆகிவிடாது. லைசென்ஸ் இல்லையென்றால் எழுதியவருக்கே முழுப் பதிப்புரிமை. நீங்கள் மாற்றி வெளியிட அனுமதி கிடையாது. எம்.ஐ.டி., அப்பாச்சி 2, ஜி.பி.எல். என்று ஏதாவது இருந்தால் மேலே போகலாம். நீங்கள் அனுப்பும் நிரல் பெரும்பாலும் அதே லைசென்ஸின் கீழ்தான் போய்ச் சேரும்.

அடுத்தது பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டிக் கோப்பு. எந்தத் திட்டத்தில் என்ன பழக்கம் என்பது அதில்தான் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இன்றும் மாற்றங்களை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று உறுதி சொல்லும் "சைன்ட் ஆஃப்" வரி வேண்டும். 2004இல் வந்த வழக்கம் அது. வேறு சில திட்டங்களில் முதலில் இஷ்யூ போட்டுப் பேசாமல் நேராகப் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். நடத்தை விதிக் கோப்பு இருந்தால் அதையும் படித்துவிடுங்கள்.

கடைசியாக, இந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி கமிட் (நிரலில் பதிவான மாற்றம்) எப்போது, சமீபத்தில் வந்த இஷ்யூக்களுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? மூன்று வருடமாகச் சத்தமே இல்லாத ரெப்போவில் முதல் பங்களிப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது மனதைச் சோர்வாக்கும்.

ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா?

தேடுங்கள், மூடப்பட்ட இஷ்யூக்களிலும் சேர்த்து. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "தமிழ்" என்று மட்டும் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இதே குறையை இந்தி எழுதுகிறவரோ தாய்லாந்துக்காரரோ எமோஜி போட்டவரோ வேறு சொற்களில் சொல்லியிருப்பார்கள். "எமோஜி உடைகிறது", "தலைப்பு வெட்டுப்படுகிறது", "யூனிகோட்" என்று நாலு விதமாகத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் புதிதாகப் போடாதீர்கள். அதிலேயே உங்கள் உதாரணத்தைச் சேருங்கள். "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதுவதாக இருந்தால் கட்டைவிரல் குறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி, இஷ்யூவைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போகும்.

இஷ்யூ எழுதுவது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் தடவை நான் எழுதியது "தமிழ் சரியாக வரவில்லை", கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். இரண்டு நாள் கழித்து ஒரு மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிக்கிறவர்), படத்தில் என்ன தப்பு என்று தனக்குத் தெரியவில்லை என்று பணிவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ் படிக்கத் தெரியாதவருக்குப் பல், பல இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர் கண்ணால் இதைப் பார்க்க வைப்பது என் வேலை.

மறுபடி எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"பட்டியலில் தலைப்பைச் சுருக்கும்போது கடைசி எழுத்து பாதியில் உடைகிறது.

செய்து பார்க்க: புதிய குறிப்பு திறக்கவும். கீழே உள்ள வரியை அப்படியே ஒட்டித் தலைப்பாக வைக்கவும். பட்டியலைப் பார்க்கவும்.

வர வேண்டியது: கடைசி எழுத்து முழுதாக, மேலே ஒரு புள்ளியோடு.
வருவது: புள்ளி இல்லாமல். இதனால் 'பல்' என்ற சொல் 'பல' என்ற வேறு சொல்லாகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் கடைசி எழுத்து வேறொன்றாக மாறி அச்சானதைப் போல.

செயலியின் பதிப்பு, இயங்குதளத்தின் பதிப்பு."

அடியில், ஒட்டிப் பார்ப்பதற்கான தமிழ் வரியை எழுத்தாகவே வைத்தேன். படமாக வைத்தால் அதை யாரும் நகலெடுக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட்டும் வைத்தேன், அதில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு. அன்று மாலையே "என் கணினியிலும் வருகிறது" என்று பதில் வந்தது. ஒரு பிழை அறிக்கைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பதில் அதுதான். அடுத்தவர் கணினியில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறிக்கையில் ஊகத்தையும் கண்டதையும் கலக்காதீர்கள். "குறியீடுகளை எண்ணி வெட்டுகிறது என்று நினைக்கிறேன்" என்பதைத் தனிப் பத்தியில், ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் நல்ல நிரல் எழுதத் தெரிந்த எத்தனையோ பேர் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயே திறப்பதில்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் தாய்மொழி ஸ்வீடிஷ். பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரர். ரூபி ஜப்பானில் பிறந்தது, லுவா பிரேசிலில். திறமூல உலகத்தில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள், போதும். "மதிப்பிற்குரிய ஐயா" வேண்டாம், பெயரைச் சொல்லி அழைப்பதுதான் அங்கே மரியாதை. கற்றுக்குட்டி, மன்னிக்கவும் என்று ஆரம்பிக்கவும் தேவையில்லை. ஒரு குறையைத் தெளிவாகச் சொன்னவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் பொதுவிலேயே கேளுங்கள். மெயின்டெய்னருக்குத் தனியாக மெயில் அனுப்பினால், அவர் சொல்லும் பதில் உங்களோடு நின்றுவிடும். இஷ்யூவில் கேட்டால் நாளைக்கு அதே சந்தேகத்தோடு வருகிறவருக்கும் கிடைக்கும். ஒரே விதிவிலக்கு பாதுகாப்புக் குறை. கடவுச்சொல் கசிகிறது, அடுத்தவர் கோப்பைத் திறக்க முடிகிறது என்பது போல ஏதாவது கண்டால் அதை எக்காரணம் கொண்டும் பொதுவில் எழுதாதீர்கள். பாதுகாப்புக் குறைகளை எங்கே தெரிவிப்பது என்று பெரும்பாலான திட்டங்களில் தனிக் கோப்பு இருக்கும், அந்த வழியில் சொல்லுங்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டுவது வேண்டவே வேண்டாம். இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கருவியான கர்ல் திட்டத்துக்குப் பாதுகாப்பு அறிக்கை என்ற பெயரில் இல்லாத ஓட்டைகளைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் ஏஐ அறிக்கைகள் குவிந்தன; 2025இல் ஏஐ பயன்படுத்தினீர்களா என்று அறிக்கை அனுப்புகிறவர்களையே அவர்கள் கேட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து பொய் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

காத்திருப்பது

பதில் வராத நாட்களில் என்ன செய்வது என்பதற்கு எக்ஸ்இசட் கதையைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் எங்கும் இருக்கும் சுருக்கக் கருவி அது. ஏறக்குறைய ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். 2022இல் மின்னஞ்சல் குழுவில் சில பெயர்கள் அவரை நெருக்கத் தொடங்கின. ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள் என்றார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஜியா டான் என்ற பெயருக்குப் பொறுப்பு கைமாறியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அடுத்தவர் கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புக வழிவிடும் பின்வாசல் நுழைந்தது. 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சின் உள்நுழைவு ஏறக்குறைய அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் அது வெளியே வந்தது.

அந்த நெருக்கும் மின்னஞ்சல்கள் திட்டமிட்டு எழுதியவை என்றே பலரும் கருதுகிறார்கள். எனக்கு வலிப்பது வேறு: அவை வழக்கமான மின்னஞ்சல்களிலிருந்து வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்தத் தொனி அவ்வளவு சகஜமாகிவிட்டிருந்தது.

அதனால், இரண்டு வாரம் பொறுங்கள். அப்புறம் ஒரே ஒரு தடவை, புதிதாக ஏதாவது தகவலோடு நினைவூட்டுங்கள்: "புதிய பதிப்பிலும் சோதித்தேன், குறை இருக்கிறது. நானே சரிசெய்து அனுப்பட்டுமா?" இந்தக் கடைசிக் கேள்வி எத்தனையோ கதவுகளைத் திறக்கும். எனக்கும் திறந்தது.

நிரலில் கை வைப்பது

ரெப்போவை உங்கள் கணக்கில் நகலெடுத்து (ஃபோர்க்), அதை உங்கள் கணினிக்கு இறக்கி (குளோன்), உங்கள் மாற்றத்துக்கென்று தனிக் கிளை (பிராஞ்ச்) ஒன்றைத் தொடங்குங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால், வந்தபடியே பில்ட் ஆகிறதா, டெஸ்ட்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, உடைந்தது நம்மாலா முன்பே உடைந்திருந்ததா என்று தெரியாமல் ஒரு ராத்திரியைத் தொலைப்பவர்கள் அதிகம்.

பெரிய நிரலில் குறை இருக்கும் வரியைக் கண்டுபிடிக்க எளிய வழி, திரையில் தெரியும் ஒன்றை நிரலில் தேடுவது. நான் தேடியது மூன்று புள்ளிக் குறி. நாலே இடத்தில் இருந்தது. அதில் ஒன்று தலைப்பைச் சுருக்கும் ஃபங்ஷன்: முதல் 20ஐ வெட்டி எடுத்து, அந்தக் குறியை ஒட்டி அனுப்புகிற மூன்று வரி.

உடனே திருத்தக் கை பரபரக்கும். பொறுங்கள். மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் கிட் ப்ளேம் கட்டளையை ஓட்டி அந்த வரி எப்போது, எந்தக் கமிட்டில், என்ன காரணம் சொல்லி வந்தது என்று படியுங்கள். பட்டியலின் அகலம் குலையாமல் இருக்கவே 20 என்று வைத்ததாக அதில் எழுதியிருந்தது. ஆக, 20 என்ற எண்ணைத் தொடக் கூடாது, எண்ணும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். முன்பு சரியாக இருந்து இடையில் கெட்டுப்போன குறையாக இருந்தால் கிட் பைசெக்ட் உதவும். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொன்னால் நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துத் தடவை சோதித்தால் குற்றவாளி கையில்.

எழுத்தெண்ணுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே வழி இருக்கிறது: இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter). மனிதர் ஓர் எழுத்து என்று பார்ப்பதை ஓர் அலகாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020 முதலே உண்டு, பயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது. என் செயலி குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் ஓடுவதால் எனக்குக் கவலையில்லை. நீங்கள் உங்கள் திட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டை முதலில் எழுதினேன். மூன்று தலைப்புகள்: என் பல் மருத்துவர், நீளமான ஆங்கில வரி ஒன்று, குடும்ப எமோஜி ஒன்று. அந்த எமோஜி பார்க்க ஒன்றுதான், உள்ளே மூன்று ஆட்களும் அவர்களை ஒட்டவைக்கும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறியீடுகளும் இருக்கின்றன. பழைய நிரலில் டெஸ்ட் தோற்க வேண்டும், திருத்தியபின் ஜெயிக்க வேண்டும். தோற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் அது எதையோ சோதிக்கிறது என்று நம்பலாம்.

போகிற போக்கில் பக்கத்து ஃபங்ஷனின் இன்டென்ட்டைச் சரிசெய்வது, மாறிகளுக்கு நல்ல பெயர் வைப்பது எல்லாம் வேண்டாம். என்னுடையதில் மாறியது ஏழு வரி, டெஸ்ட் தனி. ஏழு வரியை ஒருவர் டீ குடித்துக்கொண்டே படித்துவிடலாம். எழுநூறு வரி என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுவார், அந்த ஞாயிறு வராது.

புல் ரிக்வெஸ்ட்

கமிட் செய்தியில் என்ன மாற்றினேன் என்பதைவிட ஏன் என்பதை எழுதுங்கள். என்ன மாறியது என்பது, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃபிலேயே தெரியும். இஷ்யூ எண்ணை "ஃபிக்ஸஸ்" என்ற ஆங்கிலச் சொல்லோடு குறிப்பிடுங்கள்; கிட்ஹப் போன்ற தளங்களில், மெர்ஜ் ஆகும்போது (உங்கள் மாற்றம் திட்டத்தில் சேரும்போது) இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். எங்கே உறுதியாகத் தெரியவில்லையோ அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கைக்காக அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவின்போது, திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். மெயின்டெய்னர்கள் கொதித்துப்போனார்கள், அந்த மாதமே அமைப்பாளர்கள் விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். எழுத்துப் பிழை திருத்துவது நல்ல பங்களிப்புதான், நானும் செய்கிறேன். திருத்த ஒரு பிழை உண்மையிலேயே இருக்க வேண்டும்.

ரிவியூ

உங்கள் மாற்றத்தைப் பராமரிக்கிறவர் படித்துக் கருத்துச் சொல்வதுதான் ரிவியூ. அதில் வரும் சொற்கள் சில. "நிட்" என்றால் சின்ன விஷயம், மாற்றினால் நல்லது. "எல்.ஜி.டி.எம்." என்றால் எனக்குச் சரியாகப்படுகிறது. "பைக்‌ஷெட்" என்றால் முக்கியமில்லாத ஒன்றைப் பற்றி ஆளாளுக்குக் கருத்துச் சொல்லி இழுப்பது. 1999இல் ஃப்ரீபிஎஸ்டி மின்னஞ்சல் குழுவில் பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு மடலிலிருந்து நிரலர்களிடையே பரவிய சொல். அணு உலைக்குச் சட்டென்று ஒப்புதல் கிடைத்துவிடும், சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் என்பதில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

மெயின்டெய்னரிடமிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி: "இதை ஏன் சிஎஸ்எஸ்ஸிடமே விடக்கூடாது? அகலம் போதாவிட்டால் உலாவியே வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடுமே." (சிஎஸ்எஸ் என்பது பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் மொழி.) படித்ததும் நெஞ்சு லேசாக அடைத்தது. அப்படியானால் நான் செய்தது வீணா? உடனே பதில் எழுதாமல் நிரலுக்குத் திரும்பிப் போய், அந்த ஃபங்ஷனை யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தேன். பட்டியலைத் தவிர டெஸ்க்டாப் அறிவிப்பும் சாளரத்தின் தலைப்பும் அதையே பயன்படுத்தின. அந்த இரண்டிலும் சிஎஸ்எஸ் செல்லாது. அதை அப்படியே எழுதினேன். "சரி, புரிந்தது" என்றார்.

இரண்டாவது, செக்மென்டரை ஒவ்வொரு தலைப்புக்கும் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தேன். குறிப்புகள் நிறைய இருந்தால் பட்டியல் திணறும், ஒரே முறை உருவாக்கி வெளியே வைக்கச் சொன்னார். எனக்குத் தோன்றாத விஷயம், மாற்றினேன். முன்பின் தெரியாத ஒருவர் தன் மாலை நேரத்தில் உட்கார்ந்து என் ஏழு வரியை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

ரிவியூவில் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்றில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் காரணத்தோடு ஒருமுறை சொல்லுங்கள். முடிவு பராமரிக்கிறவருடையது, நாளைக்கு இந்த வரியோடு வாழப்போகிறவர் அவர். கடுமையாகப் பேசுகிறவர்களும் உண்டு. அதைச் சகித்துக்கொள்வதுதான் இந்த உலகத்துக்கான நுழைவுக் கட்டணம் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தன் மடல்களின் தொனிக்காக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். நிரலைத் திட்டினால் பொறுமையாகக் கேளுங்கள். உங்களைத் திட்டினால் விலகிவிடுங்கள்; நல்ல மனிதர்கள் நடத்தும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன.

மெர்ஜ் ஆனபின்

பிராஞ்சை அழியுங்கள், நன்றி சொல்லுங்கள், அடுத்த வெளியீடு வந்ததும் உங்கள் கணினியில் நிறுவிச் சோதியுங்கள். மெர்ஜ் ஆனதும் பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒன்றல்ல, இடையில் மாதங்கள் ஆகலாம். உங்கள் மாற்றத்தால் புதிதாக ஏதாவது உடைந்ததாக யாராவது இஷ்யூ போட்டால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

என் பட்டியலில் இப்போது பல் மருத்துவர் முழுதாக வருகிறார். ஆனால் செக்மென்டர் க்ஷ-வை க் என்றும் ஷ என்றும் இரண்டாகத்தான் எண்ணுகிறது, அதனால் "அக்ஷயா" இருபதாவது இடத்தில் மாட்டினால் "அக்…" என்று நிற்கும். தேடலிலும் ஒரு சிக்கல் கண்டேன். கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவோ, இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தோ. ஒரு விதத்தில் எழுதிய கோயிலை இன்னொரு விதத்தில் தேடினால் செயலி கண்டுபிடிப்பதில்லை. இரண்டுக்கும் தனித்தனி இஷ்யூ போட்டிருக்கிறேன், செய்து பார்ப்பதற்கான வரிகளோடு. இரண்டும் திறந்தே இருக்கின்றன, யாரும் இன்னும் எடுக்கவில்லை.